அப்டேட் வந்தால் சொன்னால் போதும்: டியுன் நிறுவிய அனுபவம்

வீட்டில் ஒரு மினி கணினியில் படங்களுக்கு இம்மிச், வீடியோவுக்கு ஜெல்லிஃபின், கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டன், சில்லறைத் தேவைகளுக்கு போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் என்று எல்லாமே டாக்கர் கண்டெய்னர்களாக, அதாவது தனித்தனிப் பெட்டிகளில் அடைத்த நிரல்களாக, ஓடுகின்றன. ஓட விடுவது எளிது. எதற்குப் புதிய இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதி) வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் தலைவலி.

புதிய இமேஜைத் தானே இழுத்து (பதிவிறக்கி) தானே மாற்றிவிடும் கருவிகள் உண்டு. இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்திய வாட்ச்டவர் அந்த வகைதான். அதன் பராமரிப்பு இப்போது நின்றுவிட்டது. பராமரிப்பு தொடர்ந்திருந்தாலும் எனக்கு அது வேண்டாம். போஸ்ட்கிரஸ் 16 எழுதிய தரவுக் கோப்புகளை 17 திறக்காது. ஒத்துவரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். 18 வந்தபோது அதிகாரபூர்வ இமேஜில் தரவு இருக்கும் கோப்புறையின் இடமே மாறியது. இதையெல்லாம் நள்ளிரவில் ஒரு நிரல் எனக்காக முடிவுசெய்ய வேண்டியதில்லை. செய்தி சொன்னால் போதும், கை வைப்பது நான். அதனால், புதிய இமேஜ் வந்தால் செய்தி மட்டும் அனுப்பும் டியுனைத் தேர்ந்தெடுத்தேன். கோ மொழியில் எழுதப்பட்ட சிறிய கருவி. அதுவும் ஒரு கண்டெய்னராகவே ஓடுகிறது.

கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் முதலில் யோசிக்க வைத்தது டாக்கர் சாக்கெட், அதாவது டாக்கருக்குக் கட்டளைகள் போகும் வாசல். எந்தெந்த கண்டெய்னர் ஓடுகிறது என்று பார்க்க டியுனுக்கு அது தேவை. ஆனால் சாக்கெட்டைக் கொடுப்பது கிட்டத்தட்ட கணினியின் முழு நிர்வாக (ரூட்) அதிகாரத்தைக் கொடுப்பதற்குச் சமம். படிக்க மட்டும் என்று இணைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தடை சாக்கெட் கோப்புக்குத்தான். அதன் வழியாகப் போகும் கட்டளைகளுக்கு இல்லை. எனவே நடுவில், கோரிக்கைகளை வடிகட்டி அனுப்பும் ஒரு சாக்கெட் பிராக்ஸியை நிறுத்தினேன். கண்டெய்னர், இமேஜ் விவரங்களைக் கேட்கலாம். எதையும் மாற்றும் கோரிக்கைகளுக்கு அனுமதி இல்லை. டியுனுக்குச் சாக்கெட்டுக்குப் பதிலாக பிராக்ஸியின் 2375 போர்ட்டைக் காட்டினேன்.

செய்திகளை டெலிகிராமுக்கு வரவைக்கும் பகுதி சீக்கிரம் முடிந்தது. டெலிகிராமில் பாட் (bot, தானியங்கிக் கணக்கு) உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிடம் அதற்கான டோக்கன் (ரகசியச் சாவி) வாங்கி, நம் அரட்டை எண்ணைச் சேர்த்தால் சரி. அந்த பாட் கணக்குக்கு முதல் செய்தியை நாம்தான் அனுப்ப வேண்டும். தானாக வந்து அது பேசாது. டியுனில் சோதனைச் செய்தி அனுப்பும் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்துவிட்டே மேலே போவது நல்லது. ஏனென்றால் முதல் சுற்றில் டியுன் எதுவும் சொல்லாது. இமேஜ்களின் டைஜெஸ்டுகளை (ஒவ்வொரு இமேஜுக்கும் உரிய அடையாளக் குறியீடு) தன் தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடும்.

இந்த அமைதிக்குள் ஒரு பொறி இருக்கிறது. டியுன் ஒப்பிடுவது, இமேஜ்கள் வெளியிடப்படும் இணையப் பதிவகத்தில் இன்று இருப்பதையும் தான் கடைசியாகக் குறித்துவைத்ததையும். நம் கணினியில் உண்மையில் ஓடும் இமேஜை அது கணக்கில் எடுப்பதில்லை. நிறுவும் நாளிலேயே நம்மிடம் இருப்பது ஆறு மாதப் பழசு என்றால், அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனவே எல்லாவற்றையும் ஒருமுறை கையால் புதுப்பித்த பிறகே டியுனை ஓடவிட்டேன். அதன் தரவுக் கோப்புறையைக் கண்டெய்னருக்கு வெளியே வால்யூமாக (தனிச் சேமிப்பிடமாக) வைப்பதும் இதனால்தான். இல்லையென்றால் கண்டெய்னரை மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு நினைவு அழிந்து, முதல் சுற்று மீண்டும் தொடங்கும்.

அடுத்தது டேக், அதாவது இமேஜின் பெயரோடு வரும் பதிப்புக் குறி. லேட்டஸ்ட் என்றோ 16 என்றோ வைத்திருந்தால், அதே டேக்கில் புதிய இமேஜ் ஏறும்போது செய்தி வரும். முழுப் பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்திருந்தால் அந்த டேக் பெரும்பாலும் அசையாது. அடுத்த பதிப்பு வந்ததும் தெரியாது. அவற்றுக்கு, கண்டெய்னரில் ஒட்டும் அமைப்புக் குறிப்பான லேபிளில், அந்த இமேஜின் எல்லா டேக்குகளும் இருக்கும் களஞ்சியம் முழுவதையும் கவனிக்கச் சொல்லி, எந்த டேக்குகள் வேண்டும் என்று ஒரு ரெகெக்ஸும் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் விதி) கொடுத்தேன். ரெகெக்ஸ் இல்லாவிட்டால் ஆல்பைன், பீட்டா, நைட்லி என்று நமக்குச் சம்பந்தமில்லாத டேக்குகளெல்லாம் வந்து குவியும்.

இங்கே கம்போஸ் ஒரு சேட்டை செய்கிறது. ரெகெக்ஸின் முடிவில் வரும் டாலர் குறியைச் சூழல் மாறியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு பிழை காட்டுகிறது. இரண்டு டாலர் குறி போட்டால் அடங்கிவிடும். லேபிளை மாற்றியபின் வெறுமனே மறுதொடக்கம் செய்தாலும் பயன் இல்லை. லேபிள் ஒட்டப்படுவது கண்டெய்னர் உருவாகும்போதுதான். கம்போஸின் 'அப்' கட்டளையை மறுபடி ஓட்டி, கண்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும். நானே வீட்டில் உருவாக்கிய ஒரு இமேஜையும் டியுன் பதிவகத்தில் தேடி, அனுமதி இல்லை என்று லாக்கில் (செயல் பதிவில்) புலம்பிக்கொண்டிருந்தது. அந்த கண்டெய்னருக்கு மட்டும் டியுனை முடக்கும் லேபிளைப் போட்டேன்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சேவைகளுக்கு இதுவே அதிகம். செய்தி வந்ததும் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கிறேன், தரவுத்தளம் சம்பந்தப்பட்டது என்றால் காப்பு எடுக்கிறேன், பிறகுதான் இழுக்கிறேன். போஸ்ட்கிரஸுக்கு மட்டும் ரெகெக்ஸை 16-ஆம் வரிசையோடு நிறுத்தியிருக்கிறேன். 18-க்கு மாறுவதை ஒரு விடுமுறை நாளில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.