கமரா மாமா இல்லாத கல்லடி

உதயதேவி ரயில் ஏறாவூரைத் தாண்டினாலே மனம் கமரா திருத்தும் மாமா வீட்டு விறாந்தைக்குப் போய்விடும். இந்த முறை போனது அவர் இறந்த முப்பத்தோராம் நாள் அமுதுக்கு.

மட்டக்களப்பு ஸ்டேஷனில் ஓட்டோ பிடித்துப் பாலம் தாண்டினால் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கமராவுக்கு இதைவிடப் பொல்லாத இடம் வேண்டாம். லென்ஸுக்குள் ஈரம் தங்கிப் பங்கஸ், அதாவது பூஞ்சணம், பிடிக்கும். நூல் நூலாகப் படர்ந்து, அதில் கசியும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், அக்கரைப்பற்றில் வயல் செய்யும் ஓர் அண்ணன் என்று, இந்தக் கரையில் பிலிம் கமரா ஆசை பிடித்த எல்லோருக்கும் மாமாதான் கதி.

கொழும்பில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு தூரம் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். அவர் பொய் சொல்லமாட்டார், அதுதான் காரணம். லென்ஸை வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். மேலோட்டமான பங்கஸ் என்றால் ஐதரசன் பெரொக்சைட்டும் அமோனியாவும் கலந்து துடைத்துத் தருவார். கண்ணாடி அரிபட்டிருந்தால், "இது போயிற்று மனே, காச வீணாக்காத" என்று திருப்பித் தந்துவிடுவார். அதற்குக் கூலியும் வாங்கமாட்டார்.

அவருடைய காது தனி. 1976இல் வந்த கெனன் ஏஈ-1 கமரா பழசானால் கிளிக் செய்யும்போது கீச்சிடும். ஷட்டர் போய்விட்டது என்று பயந்து கொண்டுவருவார்கள். மாமா ஒரே ஒருமுறை அமுக்கிக் கேட்பார். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான கண்ணாடியை மேலே தூக்கும் பகுதியில் ஒரு பற்சக்கரம் காய்ந்திருக்கும். சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய், சத்தம் நின்றுவிடும். அந்த இடத்தைத் தொடுவதுதான் வித்தை. கூடுதலாக ஒரு துளி போனால் வேறெங்காவது ஒட்டிக்கொள்ளும். பின்கதவில் உருகிப் பிசினான பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் வைப்பார். வெளிச்சம் ஒரு பொட்டும் கசியாது.

2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கத்துச் சனம் சேறு படிந்த கமராக்களைக் கொண்டுவந்ததாம். அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னார் என்று மாமி சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமி அலுமாரியைத் திறந்துவிட்டார். பிஸ்கட் டின் டின்னாகத் திருகாணிகள், ஒவ்வொன்றிலும் மாமாவின் கையெழுத்தில் கமராவின் பெயர். இதை யாருக்குக் கொடுப்பது? சனிக்கிழமைகளில் அவர் பக்கத்தில் வந்து இருந்த களுவாஞ்சிகுடித் தம்பிக்கு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவனுக்குப் பங்கஸ் துடைக்கத் தெரியும், நூல் வைக்கத் தெரியும். ஷட்டரை இன்னும் தனியாகக் கழற்றியதில்லை.

அவன் பழக ஆளுக்கொரு பழைய கமரா கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். முதலில் பெண்டக்ஸ் கே1000. அதில் வெளிச்சம் அளக்கும் மீற்றருக்கு மட்டும்தான் பற்றரி வேண்டும், மற்றதெல்லாம் வெறும் இயந்திரம். கழற்றிப் பூட்டப் பழக அதுவே நல்லது. அதைத் தேடிப்பிடித்து அனுப்புவது என் பொறுப்பு.