மூன்று திரைகளும் ஓர் அளவுநாடாவும்

சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் நானும் தம்பியும் பகிர்ந்துகொள்ளும் அறையில் 140 சென்டிமீட்டர் நீளமுள்ள மேசைதான் எனக்குரிய இடம். அதன்மேல் 27 அங்குலத் திரைகள் மூன்றை நெருக்கி வைத்து, என்விடியா சரவுண்ட் என்ற மென்பொருள் வசதி மூலம் 7680×1440 படப்புள்ளிகள் அளவுள்ள ஒரே திரையாக இணைத்து, அசெட்டோ கோர்சா கார்ப் பந்தய விளையாட்டைத் தொடங்கியபோது, நடுத்திரை நன்றாகவே இருந்தது. பக்கத் திரைகளிலோ மரங்களும் தடுப்புச் சுவர்களும் சவ்வுமிட்டாய்போல் இழுபட்டன.

மூன்று திரைகளையும் ஒரே தட்டையான பலகையாக எண்ணி விளையாட்டு காட்சியை வரைந்ததே காரணம். தட்டையான தளத்தில் பார்வைக்கோணம் விரிய விரிய ஓரங்கள் நீளத்தான் செய்யும். விளையாட்டின் அமைப்புகளில் மூன்று திரைகளுக்கான தெரிவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காட்சி வரையப்படும். ஆனால் திரையின் அகலம், கண்ணிலிருந்து அதன் தொலைவு, பக்கத் திரைகள் திரும்பியுள்ள கோணம், சட்டத்தின் தடிமன் ஆகியவற்றை நாம் தர வேண்டும்.

அங்கேதான் சறுக்கினேன். 27 அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கி, அகலம் 68.6 என்று பதிந்துவிட்டு, சாலைக்கோடு திரைகளின் இணைப்பில் ஏன் முறிகிறது என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். “அண்ணா, அது மூலைக்கு மூலை அளவு இல்லையா?” என்றான் தம்பி. நாடாவை வைத்துப் பார்த்தால், படம் தெரியும் பகுதி 60 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு.

தொலைவை நாற்காலி முதுகிலிருந்து அல்ல, கண்ணிலிருந்து அளக்க வேண்டும்; எனக்கு அது 70 சென்டிமீட்டர். பாதி அகலமான 30ஐ 70ஆல் வகுத்து, அந்த விகிதத்தை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தை இரட்டித்தால், ஒரு திரை என் பார்வையில் அடைக்கும் கோணம் கிடைக்கும்: ஏறத்தாழ 46 பாகை. தம்பியின் பழைய பாகைமானியை மேசையில் வைத்து, பக்கத் திரைகளையும் அதே 46 பாகைக்குத் திருப்பினேன். மூன்றும் சேர்ந்து 138 பாகை வரை காட்டின.

முதல் சுற்றில் கார் ஊர்வதுபோல் இருந்தது. குறுகிய பார்வைக்கோணத்தில் வேகம் குறைந்தே தோன்றும் என்பதால், கோணத்தைக் கூட்டிவிடக் கை துறுதுறுத்தது. பொறுத்துக்கொண்டு விளையாட்டிலுள்ள மொன்சா என்ற இத்தாலியப் பந்தயத் தடத்தில் பத்துச் சுற்றுகள் ஓட்டியபின், நேர்ப்பாதையின் முடிவிலுள்ள முதல் வளைவில் பிரேக் அழுத்தும் இடம் சுற்றுக்குச் சுற்று மாறாமல் அமைந்தது.

நாற்காலி நகர்ந்தால் கணக்கும் நகர்ந்துவிடும் என்பதால், தரையில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். வீடு துடைக்கும்போது அம்மா அதை உரித்துவிடுகிறார். நான் மறுபடியும் 70 சென்டிமீட்டரை அளக்கிறேன்.