கோட்டுக்குள் இருக்கும் கனம்

ஜூன் 3

எந்தக் கார்ட்டூன் பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டால் இத்தனை நாளும் பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இருந்ததில்லை. இன்று ‘கெர்ட்டி தி டைனோசர்’ மறுபடி பார்த்தேன். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914-ல் எடுத்த கார்ட்டூன் படம். பாதி ஓடும்போதே பதில் கிடைத்துவிட்டது. கனம். வரைந்த உடம்புக்குக் கனம் இருக்கிறதா என்றுதான் என் கண் இவ்வளவு காலமும் தேடியிருக்கிறது.

கெர்ட்டி வெறும் கோடு. நிறம் கிடையாது. ஆனால் அவள் ஒரு காலைத் தூக்கினால், மொத்த உடம்பும் மற்ற கால்களுக்கு மாறுவது தெரிகிறது. படுத்தால் வயிறு தரையில் பரவி, மூச்சுக்கு ஏறி இறங்குகிறது. ஒரு மாமத் யானையை வாலைப் பிடித்துத் தூக்கி ஏரிக்குள் எறிகிறாள். அந்த யானை எவ்வளவு பாரம் என்பதை அவள் கழுத்து சொல்கிறது. அவளுக்குக் கட்டளையிடும் மெக்கே அதட்டினால் அழுகிறாள். அந்த அழுகைகூடப் பாரமாகத்தான் இறங்குகிறது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், பின்னணியையும் புதிதாக வரைந்தார்கள். ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர் அதே பாறையையும் அதே ஏரிக்கரையையும் ஆயிரக்கணக்கான தாள்களில் நகலெடுத்தார். எந்தக் கை எடுத்தாலும் இரண்டு நகல் ஒன்றுபோல வராது. அதனால் மலையே லேசாக நடுங்குகிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நடுக்கம் இல்லாத கெர்ட்டியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜூன் 4

கனம் என்று எழுதியதும் கயோட்டி ஞாபகம் வந்தது. சக் ஜோன்ஸின் ரோட் ரன்னர் கார்ட்டூன் படங்களில், 1949 முதல், ரோட் ரன்னர் என்ற பறவையைத் துரத்தி மலை விளிம்பிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் ஓநாய் போன்ற மிருகம், வைல் ஈ. கயோட்டி. நாம் மேலே நின்று பார்க்கிறோம். அது சின்னதாகி, புள்ளியாகி, மறைகிறது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கீழே ஒரு பிடி தூசி.

அந்த ‘ஒன்றுமில்லை’யை ஜோன்ஸ் அளந்து வைத்திருந்தார். விழுந்து மறைய 18 பிரேம், அதன்பின் தூசி எழ 14 பிரேம். பதின்மூன்றோ பதினைந்தோ வைத்தால் சிரிப்பு வராது என்பது அவர் கணக்கு. நொடிக்கு 24 பிரேம் ஓடுகிற படத்தில் ஒரு பிரேம் என்பது கண்ணுக்கே சிக்காத பொழுது. இருந்தும் அவர் சொல்வது சரி. விழுந்த உடம்பின் கனம் அந்த அரை நொடிச் சொச்சத்துக்குள்தான் இருக்கிறது.

ஜூன் 7

இப்போது பிடிக்காதது. ரோட்டோஸ்கோப். மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1915-ல் உருவாக்கியது: நிஜ ஆளைப் படம்பிடித்து, அந்தப் பிலிமை ஒவ்வொரு பிரேமாக ஒளியில் விழவைத்து, மேலே தாளை வைத்து உருவத்தை எடுப்பது.

நிஜ உடம்பையே எடுப்பதால் கனமும் கூடவே வந்துவிட வேண்டும் அல்லவா? வருவதில்லை. ஃபிளெய்ஷர் ஸ்டூடியோவின் 1939 படமான ‘கலிவர்ஸ் டிராவல்ஸ்’-இல் கலிவரைப் பாருங்கள். லில்லிபுட் தீவின் குட்டி மனிதர்கள் கைபோன போக்கில் வரைந்த கார்ட்டூன்கள். ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், நம்புகிறோம். அவர்கள் நடுவே மலைபோல் கிடக்கும் கலிவர் மட்டும் ரோட்டோஸ்கோப்பில் எடுத்தவர். படத்திலேயே பெரிய உடம்பு அவருடையது, தண்ணீரில் மிதப்பதுபோல இருப்பதும் அவர்தான். நிஜ மனிதனின் தசை, தோல், துணி எல்லாம் சேர்ந்து காட்டும் பாரத்தை, வெளிக்கோடு மட்டும் தனியாகச் சுமக்க முடிவதில்லை. வரைபவர் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்கால் நிஜத்தைவிட அதிகமாக மடங்க வேண்டும்.

ஆனால் அதே ஸ்டூடியோ 1932-ல் எடுத்த ஒரு பெட்டி பூப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜாஸ் பாடகர் கேப் காலோவேயின் நடனத்தை ரோட்டோஸ்கோப்பில் எடுத்து, அதை ஒரு வால்ரஸ் பேய்க்கு மாட்டியிருக்கிறார்கள். மனிதனின் நடை, மிருகத்தின் தொந்தி. மனித உருவத்தை அப்படியே வைக்காமல் வேறோர் உடம்புக்குள் போட்டதும் கனம் திரும்பி வந்துவிடுகிறது. இதை இன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஜூன் 8

அக்கா மகளோடு ‘யோகி பேர்’ பார்த்தேன், யோகி என்ற கரடியின் கார்ட்டூன். அவளுக்கு ஒன்பது வயது, யோகி என்றால் உயிர். எனக்குப் பிடிக்காது என்று முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எம்ஜிஎம் 1957-ல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. டாம் அண்ட் ஜெர்ரியைப் படைத்த ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். பணம் குறைவு, நாளும் குறைவு. அதனால் யோகியின் கழுத்தில் ஒரு காலர். காலருக்குக் கீழே உடம்பை அசையாமல் நிறுத்திவிட்டு, தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையலாம். ஓடும்போது பின்னால் அதே மரம் திரும்பத் திரும்ப வரும். அடி வாங்கினால் அடித்த பொருளின் வடிவத்துக்கே நசுங்குகிற டாமை வரைந்த அதே இருவர் இப்படி இறங்கிவர நேர்ந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

“சித்தி, அது ஓடவே இல்ல. மரந்தான் ஓடுது!” என்றாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. அந்த மரம் எத்தனை தடவை வருகிறது என்று கடைசிவரை விரல்விட்டு எண்ணினாள்.

டாஸ் பட்லரின் குரல் நன்றாக இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 12

டின்டின் சித்திரக்கதைகளை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று நாலு நாளாக யோசனை. அவற்றை வரைந்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமன். முகத்தில் நிழல் விழாது, பாறையில் நிழல் விழாது. ‘தெளிகோடு’ என்று தமிழில் சொல்லலாம். நிழல் இல்லாத இடத்தில் கனம் எப்படி வரும்?

இன்று ‘டின்டின் இன் திபெத்’ எடுத்தேன். 1960 புத்தகம். வில்லன் கிடையாது, பனி, மலை, தொலைந்துபோன ஒரு நண்பன், அவ்வளவுதான். பக்கங்களில் பாதி வெறும் வெள்ளை. அதில் ஓரிடம்: பாறைச் சரிவில் கேப்டன் ஹாடக் கயிற்றில் தொங்குகிறார். மேலே அந்தக் கயிற்றின் மறுமுனையில் டின்டின். இருவரையும் தாங்க டின்டினால் முடியாது. கயிற்றை அறுத்துவிட்டு நீயாவது பிழைத்துக்கொள் என்கிறார் ஹாடக். டின்டின் மறுக்க, தானே அறுத்துக்கொள்ளக் கத்தியை எடுக்கிறார்.

கனம் அங்கே முழுக்க அந்தக் கயிற்றில் இருக்கிறது. நேரான ஒரே கோடு. சுற்றிலும் வேறு எதுவும் வரையப்படாததால் கண் அதைவிட்டு நகர வழியில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் என் தோள் இறுகுகிறது. இதுவரை வெளிவந்த சித்திரக்கதைகளில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜூன் 13

நேற்று எழுதியதோடு இதையும் எழுதாவிட்டால் அது நேர்மையாகாது. அதே கை வரைந்த, அப்போது பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவில் நடக்கும் டின்டின் கதை எனக்குப் பிடிக்காது. 1930-ல் தொடராக வந்தது. கறுப்பின மக்களின் முகங்களையெல்லாம் ஒரே அச்சில், தடித்த உதடும் விழித்த கண்ணுமாக வரைந்திருக்கிறார். 1946-ல் வண்ணத்துக்காக மறுபடி வரைந்தபோது, உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த காட்சியைக் கூட்டல் கணக்காக மாற்றினார். முகங்களை மாற்றவில்லை.

சில ஆண்டுகளிலேயே, 1934-ல், சீனாவைப் பற்றிய கதைக்காக ஜாங் சோங்ரென் என்ற மாணவரைச் சந்தித்து, அவரிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார். ‘நீலத்தாமரை’யின் தெருக்களில் நிஜ மனிதர்கள் நடக்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்த்து வரைந்தது எது, பார்க்காமல் வரைந்தது எது என்று தெரிந்துவிடுகிறது. காலம் அப்படி என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

ஜூன் 17

பழைய காமிக்ஸுக்கு இன்று கணினியில் பூசும் வண்ணம். கன்னத்தில் ஒரு மினுக்கு, மூக்கில் ஒரு மினுக்கு, வானத்தில் அடர்நீலம் கரைந்து வெளிர்நீலம். சில மறுபதிப்புகளைத் திறந்தால் முகமெல்லாம் ஊதிய பலூன். தட்டை வண்ணத்துக்கென்று போட்ட கோடு அது. உருட்சியை அந்தக் கோடே காட்டியிருக்கும். அதன்மேல் இன்னொரு உருட்சியை ஏற்றினால் இரண்டும் அடித்துக்கொள்கின்றன.

1908-ல் மெக்கேயின் ‘லிட்டில் நெமோ’ சித்திரக்கதையில் நெமோவின் கட்டில் கால்கள் நீண்டு நகரத்துக்கு மேல் நடந்துபோகும் பக்கம் இருக்கிறதே, அதில் எல்லாம் தட்டை வண்ணம்தான். கட்டில் ஒவ்வொரு கட்டிடமாகத் தாண்டுவதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஜூன் 18

‘கிரேஸி கேட்’ என்ற செய்தித்தாள் சித்திரக்கதை. ஜார்ஜ் ஹெரிமன் வரைந்தது, 1913 முதல் 1944-ல் இறக்கும்வரை. பூனை நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் பாறை அடுத்த கட்டத்தில் மரமாகிறது, பகல் இரவாகிறது. எதுவும் நிலைக்காத அந்த ஊரில் எலி எறியும் செங்கல் மட்டும் செங்கலாகவே வந்து விழுகிறது. பூனை அதை அன்பென்று எடுத்துக்கொள்கிறது. பிடிக்கும், மிகப் பிடிக்கும்.

ஜூன் 21

‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையின் ஆலிஸ், இரண்டு பேர் வரைந்தது. ஜான் டெனியல் 1865-ல். ஆர்தர் ராக்கம் 1907-ல்.

ராக்கமின் மரங்களை யார் வரைந்த மரங்களோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன். முண்டும் முடிச்சுமாக வேர், பழுப்பு மை, மேலே தேநீர்க் கறைபோல மெல்லிய வண்ணம். ஆனால் அவருடைய ஆலிஸ் அழகாக இருக்க வேண்டும் என்றே அழகாக இருக்கிறாள். டெனியலின் ஆலிஸுக்குச் சின்ன முகச்சுளிப்பு உண்டு. முயல் வீட்டுக்குள் வளர்ந்து சிக்கிக்கொள்ளும் படத்தில் முழங்கை, கழுத்து, கூரை எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்க்கிற நமக்கே மூச்சு முட்டுகிறது. டால்ஸியல் சகோதரர்கள் மரக்கட்டையில் செதுக்கிய கோடு, ஒவ்வொன்றும் உறுதி. அச்சு தன் படங்களுக்குச் சரியாக வரவில்லை என்று டெனியல் சொன்னதால் முதல் பதிப்பையே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு பிடிவாதம் அவசியம்தான்.

ஜூன் 25

‘பீனட்ஸ்’ என்ற செய்தித்தாள் சித்திரக்கதையின் கடைசி வருடங்கள். சார்ல்ஸ் ஷூல்ஸ் 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரிவரை 17,897 படக்கீற்றுகளை உதவியாளர் யாரும் இல்லாமல் தானே வரைந்தார். பிற்காலத்தில் அவர் கை நடுங்கியது. சார்லி பிரவுனின் தலை வட்டம் அலைகிறது. காலடியில் இருக்கும் தரைக்கோடும் அலைகிறது. கெர்ட்டியின் மலைபோல.

1952-ல் சார்லி உதைக்க வந்த பந்தை லூசி முதல்முறை இழுத்துக்கொண்டபோது அவன் விழுந்த கோடு வழுவழுப்பாக இருந்தது. தொண்ணூறுகளில் அவன் விழும்போது கனம் கூடியிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

அந்தத் தலை வட்டத்தை இன்று நகலெடுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கையை ஆட்டி வரைந்தேன், பொய்யாக வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் நடுக்கத்தை வரையவில்லை. நேரான கோட்டைத்தான் வரைந்திருக்கிறார். நாளை நேராக வரைய முயன்று பார்க்க வேண்டும்.