1886 பென்ஸ் வண்டி ரெப்ளிகா: டெஸ்ட் ஓட்டத்துல வந்த கோளாறுகள எப்படி பிடிச்சோம்

ஜெர்மனியில மான்ஹைம் பக்கம் வேலைக்கு வந்த அப்புறம் இங்க பழைய வண்டி பைத்தியங்க சிலபேரு பழக்கமானாங்க. கார்ல் பென்ஸ் 1886ல பேடன்ட் வாங்கின மூணு சக்கர வண்டி இருக்குல்ல, அதே மாதிரி ஒண்ணு கட்டி ஓட்டிப் பாத்துட்டு இருந்தாங்க, லீவு நாள்னா நானும் போய் நின்னுக்குவேன். என் பொழப்பு இன்ஜின் டெஸ்டிங்தான், ஆனா ஆபீஸ்ல லேப்டாப்ப சொருகினா எரர் கோடு வந்துரும், இதுல சொருக இடமே கிடையாது.

ஒத்த சிலிண்டர், 954 சிசி, நிமிஷத்துக்கு 400 சுத்து, முக்கால் குதிரைத்திறன், நல்லா ஓடினா 16 கிமீ வேகம். பிஸ்டனோட அசைவ சுத்தா மாத்துற கிராங்க் எல்லாம் மூடியில்லாம அப்பட்டமா தெரியும், பின்னாடி படுக்கையா ஃப்ளைவீல்னு ஒரு பெரிய கனமான சக்கரம், அத கையால சுத்திவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். ரேடியேட்டர் இல்ல, நம்மூரு கிணத்து மேட்டுல நிக்கிற பழைய ஆயில் இன்ஜின் மாதிரி தண்ணி கொதிச்சு ஆவியா போய்ட்டே இருக்கும். புதுசா வர்றவங்க அந்த ஆவிய பாத்துட்டு ஓவர்ஹீட்னு பதறுவாங்க, அது கோளாறே இல்ல, தண்ணி தீராம ஊத்திட்டே இருந்தா போதும்.

ரொம்ப படுத்தினது என்னன்னா, நல்லா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஜோரா போகும், அப்புறம் விட்டு விட்டு அடிச்சு நின்னுரும். இந்த ஊர்ல எல்லாருக்கும் கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா பென்ஸ் கதை மனப்பாடம், 1888ல அந்தம்மா ரெண்டு பசங்கள கூட்டிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனப்ப பெட்ரோல் குழாய் அடைச்சு தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்கல்ல, அதனால இதுவும் குழாய் அடைப்புதான்னு ஆளாளுக்கு கழட்ட கிளம்பிட்டாங்க. குழாய் சுத்தமா இருந்துச்சு. ஸ்பார்க் பாத்தோம், பொறிக்கு மின்சாரம் குடுக்கிற காயில் நல்லா ரீங்காரம் போட்டுச்சு, பொறியும் வந்துச்சு. அப்ப மிச்சம் பெட்ரோல்-காத்து கலவைதான்.

இதுல இருக்கிறது நம்ம பைக் கார்புரேட்டர் கிடையாது, ஒரு பாத்திரத்துல பெட்ரோல் நிக்கும், இன்ஜின் இழுக்கிற காத்து அது மேல உரசி ஆவிய அள்ளிட்டுப் போகும், அவ்ளோதான். பெட்ரோல் ஆவியாக ஆக பாத்திரம் ஜில்லுனு ஆகும், குளிர்ந்தா ஆவி கம்மியாகும். இன்னொண்ணு, பெட்ரோல்ல இருக்கிற லேசான சரக்கு மொதல்ல பறந்துரும், கனமான சரக்கு அடியில தங்கிரும். இந்த ரெண்டுல எது நம்மள நிறுத்துதுன்னு தெரியணும். ஒருத்தர் உடனே புது பெட்ரோல் ஊத்தப் போனாரு, நான் விடல, ஊத்திட்டா ரெண்டும் ஒரே நேரத்துல மாறிடும், எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பாத்திரத்தோட சில்லிப்பு போற வரைக்கும் காத்திருந்து மறுபடி சுத்தினோம், லேசா முக்கிச்சு, ஓடல. அப்புறம்தான் பழச வடிச்சு புதுச ஊத்தினோம், மொத சுத்துலயே பிடிச்சுருச்சு. வடிச்சதுல ஹைட்ரோமீட்டர (அடர்த்தி பாக்கிற மிதவை) மிதக்க விட்டா அடர்த்தி புதுச விட நல்லாவே ஜாஸ்தி. பெர்த்தா போற வழியில வீஸ்லோக் ஊர்ல மருந்துக் கடையில வாங்கினது லிக்ராய்ன், துணி கறை எடுக்கிற லேசான சரக்கு, நாங்களும் அந்த மாதிரி லேசான பெட்ரோலுக்கே மாறிட்டோம், கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை அடியில தங்கினத வடிச்சும் விட்டுர்றோம்.

அடுத்தது ஒரு டக் டக் சத்தம். இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, ஏன்னா காது மட்டும் போதும். ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி, அதாவது 400 சுத்துல நிமிஷத்துக்கு 200, செகண்டுக்கு மூணு சொச்சம். சத்தம் வெடியோட சேர்ந்து வந்தா வால்வ் பக்கம் பாக்கணும், அத விட ரெண்டு மடங்கு வேகமா வந்தா கிராங்க், ஃப்ளைவீல் பக்கம். எங்களுது ரெண்டும் இல்ல, ரொம்ப மெதுவா வந்துச்சு. பின் சக்கரத்துல சாக்பீஸ் கோடு போட்டு ஒருத்தர் கூடவே நடந்து பாத்தாரு, சக்கரம் ஒரு முழு சுத்து முடிச்சும் சத்தம் வரல, அதுக்கும் மேல போனாத்தான் வருது. சக்கரத்த விட மெதுவா ஒரு ரவுண்டு வர்றது வண்டியிலயே செயின் மட்டும்தான். சக்கரத்த தூக்கி வச்சு கையால சுத்தினா ஒரே ஒரு லிங்க் மடங்காம விறைச்சுட்டு நின்னுச்சு.

மேட்டுல இழுக்காததுக்கும் இதே வழிதான். இன்ஜினுக்கு தெம்பு இல்லன்னா வண்டியோட சேர்ந்து வெடிச் சத்தமும் மெதுவாகும். எங்களுக்கு வண்டி தேங்குது, சத்தம் மட்டும் குறையவே இல்ல, அப்ப இன்ஜின் சுத்த கடத்துற லெதர் பெல்ட் வழுக்குதுன்னு அர்த்தம். புல்லி மேல சொட்டு சொட்டா ஆயில் தெறிச்சிருந்துச்சு, மேல இருக்கிற ஆயில் கப்ல இருந்துதான். துடைச்சு பெல்ட்ட இறுக்கினா சரியாச்சு, கொஞ்ச நேரத்துல மறுபடி வழுக்குச்சு. காலையில குளிர்ல சொட்டு வேகத்த செட் பண்ணி வச்சா, சூடானதும் ஆயில் இளகி வேகமா சொட்டுது. இப்ப இன்ஜின் சூடான அப்புறம் நிறுத்தி இன்னொரு தடவை திருகி கம்மி பண்றோம்.