டார்ச் அடித்துப் பார்த்த திரை

அக்கா மகள் ஐந்தாம் படிவம் போய்விட்டாள், படிப்புக்கு ஒரு கணினி வேண்டும் என்று செந்தூலிலிருந்து அக்கா அழைத்தார். என் அலமாரியில் 2009இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம், இன்டெல் ஜிஎம்ஏ 4500 கிராஃபிக்ஸ். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். பழைய கணினிக்கும் பாரமில்லாத லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ இயங்குதளத்தைப் போட ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று சனிக்கிழமை போனது.

முதல் நாளே கறுப்புத் திரை. கணினி எழும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தேன், படம் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில், நிறுவி முடித்ததும் அதையே கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். வினையே அங்கேதான் ஆரம்பம்.

அடுத்தது வைஃபை. உள்ளே இருக்கும் சிப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை பிராட்காம் 4312 சிப் என்று காட்டியது. இதற்கு 'டபிள்யூஎல்', 'பி43' என்று இரண்டு டிரைவர்கள் (சிப்பை இயக்கும் நிரல்கள்) உண்டு. பி43 வேலை செய்ய, சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் வேண்டும். மற்றவர்கள் அதை விநியோகிக்க உரிமம் இல்லாததால், நிறுவும்போதுதான் இணையத்திலிருந்து இறங்கும். இணையம் வர இணையம் வேண்டும்! கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைத் தட்டினேன். எந்த டிரைவரும் கேட்காமல் லைன் வந்தது.

முதலில் டபிள்யூஎல்லைப் போட்டேன், சரிவரவில்லை. அதை 'ரிமூவ்' செய்துவிட்டு பி43 போட்டால் அதுவும் எழும்பவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகுதான் பிடிபட்டது: டிரைவர் பொட்டலத்தை ரிமூவ் செய்தாலும் அதன் அமைப்புக் கோப்பு, எந்த டிரைவரை ஏற்றலாம் என்று சொல்லும் மோட்ப்ரோப் கோப்புறையிலேயே தங்கிவிடும். பி43ஐ ஏற்றாதே என்று அதில் ஒரு வரி இருந்தது. அமைப்புக் கோப்பையும் சேர்த்து நீக்கும் 'பர்ஜ்' செய்தபோதுதான் அது தொலைந்தது. அப்படியும் வைஃபை வரவில்லை. வைஃபை அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையை அடித்தால் 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்', அதாவது வன்பொருளிலேயே அடைப்பு. கணினியின் முன் விளிம்பில் நகத்தளவு சுவிட்ச் ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். தள்ளினேன், பக்கத்து வீட்டு ரவுட்டர் வரை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா மகளே வந்தாள். கணிதப் பாட வீடியோ ஒன்றைப் போட்டாள். வாத்தியார் வாயைத் திறந்து இரண்டு விநாடி கழித்துத்தான் மூடினார். மின்விசிறி ஓலமிட்டது. படத்தை எது வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையில் ரெண்டரர் 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தது. அதாவது கிராஃபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்க, பாவம், பிராசசர்தான் ஒவ்வொரு புள்ளியையும் வரைந்துகொண்டிருக்கிறது. நோமோட்செட் இருக்கும்வரை இன்டெல்லின் ஐ915 டிரைவர் திரையைக் கையில் எடுக்காது. அந்தச் சொல்லை அழித்தேன். மறுபடியும் கறுப்பு.

"ஸ்கிரீன் செத்துப்போச்சா மாமா?"

மின்தடை நேரத்து டார்ச்சை எடுத்துத் திரைமேல் சாய்வாக அடித்தேன். மங்கலாக, பேய் மாதிரி, கடவுச்சொல் கேட்கும் பெட்டி தெரிந்தது. படம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. அவளை டார்ச் பிடிக்கச் சொல்லி, அந்த வெளிச்சத்திலேயே முனையத்தைத் திறந்து, நோமோட்செட் இருந்த இடத்தில் பின்விளக்கைத் தயாரிப்பாளரின் டிரைவரே கவனிக்கட்டும் என்னும் 'ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டர்' வரியை எழுதி, மாற்றத்தைப் பதியும் அப்டேட்-கிரப் கட்டளையை அடித்து ரீஸ்டார்ட் செய்தேன். எல்லா மடிக்கணினிக்கும் இதே வரி பலிக்காது, என்னுடையதற்குப் பலித்தது. திரை பளிச்சென்று வந்தது, வாத்தியாரின் வாயும் குரலும் சேர்ந்தே வந்தன.

ஞாயிறு இரவு அக்காவிடமிருந்து அழைப்பு: "வைஃபை வரலடா." அவர்கள் வீட்டு ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேடியிருக்கிறார்கள், இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் கண்ணில் படும். அதைச் சொல்லியும் வரவில்லை. சுவிட்சைத் தள்ளச் சொன்னேன், வந்தது. இப்போது அக்கா மகள் அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறாள்.