66 செ.மீ.

மார்ச் 2
இன்றோடு ஐந்து வீடு பார்த்தாயிற்று. கதவைத் திறந்தால் இடப்பக்கம் அடுப்பு, வலப்பக்கம் குளியலறை, எதிரே ஜன்னல். அவ்வளவுதான் ஸ்டூடியோ. விளம்பரப் படத்தில் கூடம் மாதிரி இருந்தது. வைட் ஆங்கிள் லென்ஸ் சுவர்களைத் தள்ளிவைக்கும் என்று தெரிந்தும் நம்பிப் போனேன். 28 சதுர மீட்டர், 10.76ஆல் பெருக்கினால் 301 சதுர அடி. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிட நடை. இரண்டு தடவை நடந்து பார்த்தேன்.

மார்ச் 3
குளியலறைக் கதவை அளக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 5
அளந்தேன். கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் வழி 61 செ.மீ. அம்மாவின் சக்கர நாற்காலி 66. லிஃப்டில் நுழைகிறது, வாசலில் நுழைகிறது. இந்த ஒரு கதவுதான். புரோக்கர் நாளைக்குள் பதில் கேட்கிறார், வேறு ஆள் காத்திருக்கிறாராம். இந்தப் பகுதியில் அது பொய்யாக இருக்காது.

மார்ச் 6
கணக்குப் போட்டேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். பராமரிப்புக் கட்டணம் வேறு. தள்ளிப் போனால் இதே காசுக்கு இரண்டு அறை கிடைக்கும், ஆனால் வாரம் மூன்று நாள் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். அம்மா வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். வண்டி குலுங்கும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பாள், அந்தப் பிடியில்தான் தெரியும். அந்த ஏழு நிமிடத்துக்குத்தான் இந்த வாடகை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
அக்ரிமெண்ட் முடிந்தது. ஆறு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது. கதவைக் கழற்றலாம், போகும்போது மாட்டிவிட வேண்டும். அதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஆறு மாதம். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10
சாவி.

மார்ச் 12
முதல் ராத்திரி. ஃபிரிட்ஜ் தலைமாட்டிலேயே உறுமுகிறது. ராத்திரி சமைத்த வாசம் தலையணையில். விடிகாலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. அம்மா இருமுவாள், எக்ஸாஸ்ட் ஃபேனை முதலில் சரிசெய்ய வேண்டும்.

மார்ச் 13
கதவைக் கழற்றினேன். திருகுகள் பெயின்ட்டில் உறைந்து கிடந்தன. கத்தி முனையால் சுரண்டி ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பலகையின் தடிமன் போனதும் வழி 64.5. இன்னும் ஒன்றரை வேண்டும்.

மார்ச் 14
பிசியோதெரபிஸ்ட் வழி சொன்னார். சக்கரத்துக்கு வெளியே கையால் உருட்டும் வளையம் இருக்கிறதே, அகலத்தைக் கூட்டுவது அதுதானாம். பின்னாலிருந்து தள்ளும் வகைக்குச் சின்னச் சக்கரம், வளையம் கிடையாது, 57 செ.மீ.க்கே கிடைக்கும். சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த வளையத்தைப் பிடித்து உருட்ட அம்மாவுக்கு இரண்டு வாரம் ஆனது. முதல்முறை தானாக ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மார்ச் 15
தூங்கவில்லை. 66.

மார்ச் 16
இரண்டு நாற்காலியும் இருக்கட்டும். குளிக்கப் போக மட்டும் 57, அதை மடித்துச் சுவரோரம் வைக்கலாம். அறைக்குள் அவளே உருட்டிக்கொள்ளட்டும். நாற்காலி முழுசாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். கயிறும் சாக்பீஸும் வைத்துத் தரையில் போட்டேன். என் மேஜை வட்டத்துக்குள் வந்தது, கொடுத்துவிட்டேன். எனக்குச் சுருட்டி வைக்கிற மெத்தை போதும்.

மார்ச் 18
நாளை பத்து மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். கட்டில் ஜன்னலோரம். சாக்பீஸ் கோட்டை இன்னும் அழிக்கவில்லை.

குளியலறைக்குத் திரை வாங்கவே இல்லை. கதவும் இல்லை, அம்மா கூசிப்போவாள். கடை எட்டு மணிக்கு மூடிவிடும், இப்போது ஏழே முக்கால்