முத்திரை இல்லாத பாஸ்போர்ட்

முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை அம்மாவுக்கு. கோத்தகிரி குளிரில் ரேஷன் கடை மெஷினே அந்த விரலைக் கண்டுகொள்ளாது. ஜெர்மனியில் இருக்கும் அக்காவைப் பார்க்க விசாவுக்குப் போனால், பத்து விரலும் கேட்டார்கள். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். நாலாவது தடவை விழுந்தது.

ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய நாடுகளில் இனி பாஸ்போர்ட்டில் சீல் கிடையாதாம். 2025 அக்டோபர் 12 தொடங்கி, படிப்படியாக 29 நாடுகளில் வருகை, புறப்பாடு எல்லாம் கம்ப்யூட்டர் பதிவுதான். விசா வேண்டாத நாட்டுக்காரர்களுக்கு எல்லையிலேயே நாலு விரல் ரேகை எடுக்கிறார்கள். நம்முடையது விசாவின்போதே போய்விடுவதால், அங்கே முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்ப்பார்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஒரு நாள் கூடினாலும் சிஸ்டமே காட்டிக் கொடுத்துவிடும்.

"நம்ம மலைக்கு வர்றவங்க எடுக்குற இ-பாஸ் மாதிரியாடா?" என்றார் அம்மா. கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் 2024 மே முதல் இங்கே கேட்கும் இ-பாஸுக்கு விரலெல்லாம் வேண்டாம், போன் நம்பரும் பயண விவரமும் போதும்.

அம்மாவுக்குக் கவலை வேறு. "சீலே இல்லேன்னா, நான் ஜெர்மனி போனேன்னு எதிர்வீட்டுக்காரி நம்புவாளா?"